பழைய கார் வாங்கும் முன் ரீகால் நிலையைப் பாருங்கள்: மிச்சிகனில் எங்களுக்கு நேர்ந்தது

அமெரிக்காவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், வேலைக்கு வந்து இன்னும் கடன் வரலாறு சேராதவர்களுக்கும் பழைய கார்தான் கைக்கு எட்டுகிறது. ஆகஸ்ட் பிறந்தால் டெட்ராய்ட் புறநகர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நல்ல கண்டிஷனில் கார் எங்கே கிடைக்கும்’ என்ற கேள்வி தினமும் வருகிறது. பதிலாகப் பகிரப்படும் விற்பனை நிலையங்களில் எங்களை ஏமாற்றிய நிலையமும் அடிக்கடி இடம்பெறுவதால் இதை எழுதுகிறேன். பெயரைப் பொதுவெளியில் குறிப்பிடவில்லை. ஆனால், அது கையாண்ட முறை ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியதன்று.

2018 கோடையில், முதுகலை படிக்க வந்த என் அக்கா மகனுக்காக 2007-ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலெ கோபால்ட் ஒன்றைப் பார்த்தோம். விலை 3,900 டாலர். விற்றவர் கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர் அல்லர். ஏலத்திலும் பழைய வண்டி மாற்றிலும் வரும் கார்களை வாங்கி விற்கும் தனி வியாபாரி. கோபால்ட் என்ற பெயர் 2014-இல் நாள்தோறும் செய்தியில் அடிபட்டது என்பதால், சாவியைத் திருப்பும் இக்னிஷன் சுவிட்சுக்கான ரீகால் வேலை (குறைபாடுள்ள பாகத்தை உற்பத்தியாளரே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) இந்த வண்டிக்கு முடிந்துவிட்டதா என்று விற்பனையாளரிடம் நேரடியாகவே கேட்டேன். “அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, எங்கள் மெக்கானிக் முழுக்கப் பார்க்காமல் எந்த வண்டியும் வெளியே நிற்காது” என்றார். வரிசைக்கு வரிசை டிக் அடித்த ஆய்வுத்தாள் ஒன்றை நீட்டி, பாதுகாப்பு ஆய்வுக் கட்டணம் என்று 295 டாலரையும் பில்லில் சேர்த்தார். சாவியை ஒப்படைத்தபோது, நிலையத்தின் பெயர் பொறித்த கனமான பித்தளை வில்லை ஒன்றும் அதில் தொங்கியது.

அந்த வில்லை ஏன் அங்கே இருந்திருக்கவே கூடாது என்பதை விளங்கிக்கொள்ள, செவ்ரோலெ கார்களைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1908 செப்டம்பர் 16 அன்று, குதிரை வண்டிகள் செய்து பெரும் பணம் ஈட்டியிருந்த வில்லியம் டியூரண்ட் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பிறப்பில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகருக்குப் பெரும் பங்குண்டு. பியூக், ஓல்ட்ஸ்மொபில், கேடிலாக் என்று கம்பெனி கம்பெனியாக வாங்கிச் சேர்த்த டியூரண்ட் 1910-இல் கடன்காரர்களிடம் நிர்வாகத்தை இழந்தார். பின்னர் செவ்ரோலெ நிறுவனத்தின் பலத்தில் அதைத் திரும்பப் பிடித்தார். 1920-இல் மறுபடியும் இழந்தார். 1923-இல் தலைவரான ஆல்ஃப்ரட் ஸ்லோன்தான் அதை உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக்கியவர். ஹென்றி ஃபோர்டு ஒரே மாடலைப் பல ஆண்டுகள் விற்றுக்கொண்டிருந்தபோது, ஆண்டுதோறும் புது மாடல், தவணைக் கடன், பழைய காரைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் ஏற்பாடு என்று வாங்குபவரை மீண்டும் மீண்டும் கடைக்கு வரவழைக்கும் வழியை ஸ்லோனின் நிர்வாகம் பிடித்தது. தவணைக் கடனுக்காக 1919-லேயே தனி நிதி நிறுவனமும் இருந்தது. இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளின் இருபுறமும் பழைய கார்கள் கொடிகளுடன் வரிசை கட்டி நிற்பதற்கு அந்த வியாபார முறையும் ஒரு காரணம்.

ரீகால் சட்டத்துக்கும் இதே நிறுவனம்தான், விரும்பாமலேயே, வழி செய்தது. பின்புறம் எஞ்சின் வைத்த கோர்வேர் காரின் பாதுகாப்பை 1965-இல் கடுமையாக விமர்சித்து எழுதிய இளம் வழக்கறிஞர் ரால்ஃப் நேடரைத் துப்பறிவாளர்களை வைத்துப் பின்தொடர்ந்தது வெளியே வந்துவிட, 1966 மார்ச்சில் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் துணைக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தச் சூட்டோடு அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்புக் குறைபாட்டை உற்பத்தியாளரே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற கடமை 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது.

இனி அந்த சுவிட்ச். சாவியை ‘ஓட்டம்’ என்ற நிலையில் பிடித்து நிறுத்துவது சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்ப்ரிங். அதன் இறுக்கம் நிறுவனமே வகுத்திருந்த அளவுக்குக் குறைவாக இருந்தும், 2002-இல் ஒரு பொறியாளர் அந்தப் பாகத்துக்கு ஒப்புதல் அளித்துவிட்டார். அதன் விளைவாக, முழங்கால் பட்டாலோ, மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கனமான சாவிக்கொத்து கீழே இழுத்தாலோ, ஓடும் வண்டியிலேயே சாவி ஒரு படி பின்னால் நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், ஸ்டீயரிங் கனத்துப்போகும், பிரேக்குக்கான துணைவிசை போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோதினால் ஏர்பேக் விரியாது. நிறுவனத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2005-இல் டீலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சாவிக்கொத்திலிருந்து தேவையற்ற பொருள்களை எடுத்துவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்னார்கள். புகார் சொன்னவர்களுக்கு, சாவியின் தலையில் நீளமாக இருக்கும் துளையைச் சுருக்க ஒரு சிறு பிளாஸ்டிக் செருகலும் கொடுத்தார்கள். துளை சிறிதானால் வளையம் ஊசலாடுவது குறையும் என்பது கணக்கு.

என்னை அதிகம் உறுத்துவது அதற்கடுத்து நடந்தது. 2006 ஏப்ரலில் இறுக்கமான ஸ்ப்ரிங் வைத்த புதிய சுவிட்சுக்கு அதே பொறியாளர் ஒப்புதல் அளித்தார். பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. உள்ளிருக்கும் பொருள் மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். பழையதும் புதியதும் ஒரே எண்ணில் உலவியதால், பிந்தைய கார்களில் விபத்து ஏன் குறைந்தது என்பதை நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களாலேயே ஆண்டுக்கணக்கில் கண்டறிய முடியவில்லை. 2010-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கோபால்ட் விபத்தில் இறந்த ஓர் இளம் செவிலியரின் பெற்றோர் தொடுத்த வழக்கில்தான் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் தரப்புப் பொறியாளர், நொறுங்கிய காரின் சுவிட்சையும் கடையில் புதிதாக வாங்கிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்றாக இருந்தது. ஸ்ப்ரிங் வேறாக இருந்தது.

2014 ஜனவரியில் மேரி பாரா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்றார். பிப்ரவரியில் ரீகால் அறிவிப்பு வெளியானது. முதல் அறிவிப்பில் கோபால்ட்டும் போன்டியாக் ஜி5-உம் மட்டுமே இருந்தன. மார்ச் முடிவதற்குள் சாட்டர்ன் அயான், செவ்ரோலெ எச்எச்ஆர் முதலிய மாடல்களையும் சேர்த்து எண்ணிக்கை சுமார் 26 லட்சத்தைத் தொட்டது. 15 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பர்க் நடத்திய இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இந்தக் குறைபாட்டோடு தொடர்புடையவையாக ஏற்றுக்கொண்டது. 2015 செப்டம்பரில் மத்திய நீதித்துறையுடன் 90 கோடி டாலருக்கு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இதற்கிடையே 2009 ஜூன் 1 அன்று நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்திருந்தது. ஜூலையில் நல்ல சொத்துகளோடும் அரசின் பணத்தோடும் புதிய நிறுவனம் ஒன்று அதே பெயரில் தொடங்க, கடன்களும் வழக்குகளும் பெயர் மாற்றப்பட்ட பழைய நிறுவனத்திடம் தங்கிவிட்டன. 2009-க்கு முன் செய்த காருக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று புதிய நிறுவனம் நீதிமன்றத்தில் வாதிட்டது. இக்னிஷன் சுவிட்ச் வழக்குகளில் அந்தக் கேடயம் செல்லாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு எல்லாக் கோபால்ட்டுகளும் சரிசெய்யப்பட்டிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அறிவிப்புக் கடிதம், பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் முகவரிக்குப் போகும். மூன்றாவது, நான்காவது கைக்கு மாறி, இடையில் ஏல மைதானத்தில் கிடந்த காருக்கு அது போய்ச் சேராமலேயே இருக்கலாம். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. ரீகால் வேலை முடியாத புதிய காரை விற்கக் கூடாது. 35 அல்லது அதற்கு மேற்பட்ட கார்களை வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் அத்தகைய காரை வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் அதே காரைப் பழைய காராக விற்பதற்கு மத்தியச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. சான்றளிக்கப்பட்ட பழைய கார்கள் என்று விளம்பரப்படுத்தியவற்றில் ரீகால் நிலுவையில் இருப்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக, 2016-இல் மத்திய வர்த்தக ஆணையம் ஜெனரல் மோட்டார்ஸ் மீதே நடவடிக்கை எடுத்து உடன்பாட்டில் முடித்தது. நிலுவை இருக்கக்கூடும் என்று அறிவித்துவிட்டு விற்பதற்கு அந்த உடன்பாடும் இடம் கொடுத்தது. பெரிய நிறுவனத்துக்கே இவ்வளவுதான் என்றால், கொடி கட்டிய மைதானத்து வியாபாரியைக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கார் வாங்கிய வாரக் கடைசியில், உதிரிபாகத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். மேசைமேல் கிடந்த சாவியைக் கையில் எடுத்து, அதன் தலையில் இருந்த நீளத் துளையை ஒருமுறை பார்த்தவர், “தம்பி, முதல்ல இந்த வில்லையைக் கழற்று. ரீகால் முடிஞ்ச வண்டிக்குப் புதுச் சாவியும் கொடுத்திருப்பானே, இது பழைய சாவியால்லா?” என்றார். உடனே காரின் வின் எண்ணை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை, மத்திய அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (NHTSA) இணையதளத்தில் இட்டுப் பார்த்தோம். இக்னிஷன் சுவிட்ச் ரீகால், வேலை முடிக்கப்படவில்லை என்று வந்தது.

விற்பனையாளரிடம் போனபோது அவர் சற்றும் தடுமாறவில்லை. அப்படித் தான் சொல்லவே இல்லை என்றார். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ‘உள்ளது உள்ளபடியே, உத்தரவாதம் இல்லை’ என்ற கட்டத்தில் குறி இருந்ததையும் சுட்டினார். ஆய்வுத்தாளை நான் விரித்தேன். டயர், விளக்கு, வைப்பர், ஏ.சி. என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை இருந்தது, ரீகாலுக்கு இல்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, 150 டாலர் கொடுத்தால் ரீகால் வேலையைத் தாமே செய்து வாங்கித் தருவதாகச் சொன்னார். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதற்கு விலை பேசிய அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அங்கீகாரம் பெற்ற டீலர் ஒருவரிடம் நேரடியாகக் கொண்டுபோனோம். பாகம் வந்ததும் சுவிட்சையும் சாவி உருளையையும் ஒரு காசு வாங்காமல் மாற்றிப் புதுச் சாவிகளைக் கொடுத்தார்கள். நியாயமாகச் சொன்னால், அதன்பின் அந்தக் கார் மருமகனுக்குப் படிப்பு முடியும்வரை ஒழுங்காகவே உழைத்தது. விற்பனையாளர் மீது, பழைய கார் வியாபாரிகளுக்கு உரிமம் வழங்கும் மாநிலத் துறையில் புகார் கொடுத்தோம். வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிக்க வழியில்லாததால், 295 டாலர் ஆய்வுக் கட்டணம் மட்டும் திரும்பி வந்தது. மூன்று நாள்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று குழுக்களில் உலவும் செய்தியையும் நம்ப வேண்டாம். விற்பனை நிலையத்துக்கே போய் வாங்கிய காருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் கிடையாது.

வின் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. ஓட்டுநர் பக்கத்தில் முகப்புக் கண்ணாடியின் அடி ஓரத்திலும், கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்திலும் அது இருக்கும். விலை பேச உட்காரும் முன், அங்கே நின்றபடியே கைப்பேசியில் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் தேடிவிடலாம், கட்டணம் இல்லை. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சரிசெய்யப்பட்ட ரீகால்களை அந்தத் தளம் காட்டாது. 15 ஆண்டுகளுக்கு முற்பட்ட ரீகால்களையும் பெரும்பாலும் காட்டாது. எனவே மிகப் பழைய கார் என்றால், அங்கீகாரம் பெற்ற டீலரின் சர்வீஸ் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து வின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விற்பவரிடம் ரீகால் பற்றிய கேள்வியைக் குறுஞ்செய்தியிலேயே கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி, ‘நிலுவையில் ரீகால் இல்லை’ என்ற வரியை விற்பனைத் தாளில் பேனாவால் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்பவர் ஒரு வரி எழுதத் தயங்க மாட்டார். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். டெட்ராய்ட் பக்கத்து வான் டைக் சாலையில் பழைய கார்களுக்குப் பஞ்சமே இல்லை.