கண் அசைவுச் சிகிச்சை: மூன்று வருசம் கழித்து மச்சிக்கு ஒரு பதில்

போன கிழமை திருக்கோவிலில் இருந்து மச்சி ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தா. பஸ் விபத்தில் தப்பி ஏழு மாதமாகிறது, இன்னும் பிரேக் சத்தம் கேட்டால் கை விறைத்துப் போகிறதாம். கிளினிக்கில் இ.எம்.டி.ஆர். என்கிற கண் அசைவுச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "நீ போனதானே புள்ள, உண்மையா அது வேலை செய்யுமா, இல்லாட்டி கண்கட்டு வித்தையா?" என்று கேட்டிருந்தா. பதில் பேசிப் பேசி மூன்று தரம் அழித்துவிட்டேன். எழுதினால்தான் ஒழுங்காக வரும் போலிருந்தது. இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும்.

வேலை செய்தது மச்சி. அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதி கோபம்.

கெட்ட நினைவை மனதில் பிடித்துக்கொண்டு முன்னால் அசைகிற விரலைக் கண்ணால் பின்தொடர்வது என்ற அளவுக்கு உனக்கும் தெரியும். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கிறது. விரல் இருபது, முப்பது தரம் அங்கும் இங்கும் போய் நிற்கும். "இப்ப என்ன வருது?" என்று கேட்பார்கள். திரும்ப விரல். கொஞ்ச நேரம் போனதும் உன்னை நினைவின் தொடக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போய், "இப்ப 0இல இருந்து 10க்குள்ள எத்தினை?" என்பார்கள். 0 என்றால் ஒன்றும் செய்யவில்லை, 10 என்றால் தாங்க ஏலாது. கடற்கரையில் மீனைக் கூறு போட்டு விலை கேட்கிற மாதிரி இருக்கும். மூன்று வருசமாகியும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு ஏறிக்கொண்டு வருகிறது.

என்னுடைய நினைவு உனக்குத் தெரிந்ததுதான். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பு நாவலடி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. எனக்கு 13 வயது. கொடியில் கிடந்த உடுப்பை எடுத்துவரச் சொன்னா அம்மா. "நீங்களே போய் எடுங்களன்" என்று வாய்காட்டினேன். அம்மா போனா. கொடி கட்டியிருந்தது கடல் பக்கம். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

அதன் பிறகு தண்ணித் தாங்கி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் நடுச்சாமத்தில் எழும்பி வாசலுக்கு ஓடியிருக்கிறேன். திராய்மடுவுக்கு வந்து கலியாணமும் முடித்த பிறகும், எங்கள் வளவில் கொடியில் உடுப்புக் காயப்போட்டது அவர்தான். பிள்ளைகள் பிறந்து துவாய் மலை மாதிரிக் குவிந்த காலத்திலும் அவர்தான். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2005இல் முகாமில் இருந்தபோது கொப்பியும் கலர்ப் பென்சிலும் கொண்டு எத்தனை பேர் வந்தார்கள்! எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. எட்டு, ஒன்பது தரம் சொல்லியிருப்பேன். அதனால் 2022இல் இந்தச் சிகிச்சைக்குப் போய் முதல் நாள் கதிரையில் இருந்ததும், "எனக்கு முழுக் கதையும் வேணாம், ஒரு படம் மட்டும் காணும்" என்று சிகிச்சை செய்த மிஸ் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு படம், அதைப் பார்க்கையில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறேன், உடம்பில் எங்கே பிடிக்கிறது, அவ்வளவும்தான் கேட்டா. "என்னாலதான்" என்றேன். நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினேன். நான் சொல்லாததை அவ இன்றுவரைக்கும் கேட்கவில்லை. இந்தச் சிகிச்சையின் பெரிய நன்மை எனக்கு இதுதான்.

இதைத் தொடங்கியது பிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்கப் பெண். 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது மனதை அரித்த யோசனை தானாக இளகியதையும், அந்நேரம் தன் கண்கள் வேகமாக அங்குமிங்கும் ஓடியதையும் கவனித்திருக்கிறார். 1989இல் முதல் ஆய்வு வெளிவந்தது. அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதையும் பரிந்துரைத்தது, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். கண்கட்டு வித்தையா என்று நீ கேட்டதை ஆராய்ச்சிக்காரரும் கேட்டுவிட்டார்கள். நினைவை நேருக்கு நேர் பார்ப்பதால்தான் குணமாகிறது, கண்ணை அசைக்கத் தேவையே இல்லை என்று ஒரு பக்கம். கண் அசைவும் தன் பங்குக்கு உதவுகிறது என்று மற்றப் பக்கம். சண்டை இன்னும் தீரவில்லை. மனதுக்கு ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தானாம். விரலையும் பிடித்து அந்தப் படத்தையும் பிடிக்கப் போனால் படம் மங்கும், மங்கினபடியே திரும்பவும் நினைவுக்குள் போய் இருக்கும் என்கிறார்கள்.

என்னில் நடந்தது அப்படித்தான். கொடியில் அம்மாவின் நீலச் சட்டை ஒன்று தொங்கும். பதினெட்டு வருசமாக அதன் நீலம் மங்கவேயில்லை, தைத்த நூல்கூடத் தெரியும். இரண்டாம் நாள் நாலைந்து சுற்றுக்குப் பிறகு பார்க்கிறேன், சட்டை இருக்கிறது, நிறம் வரவில்லை. கழுவிக் கழுவி வெளிறின துணி மாதிரி இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, அம்மாவே அழிந்துபோவாவோ என்று. அப்படி ஒன்றும் அழியவில்லை. நடந்தது அத்தனையும் நினைவில் இருக்கிறது, என் கழுத்தைப் பிடித்திருந்த கையைத்தான் எடுத்தது.

இனிக் கோபத்துக்கு வாறேன். மூன்றாம் நாள் நான் பொய் சொன்னேன். உள்ளே 8, வாயால் 4 என்றேன். நம்பர் குறைந்தால் மிஸ்ஸின் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவவைச் சந்தோசப்படுத்தப் பார்த்தேன். "இன்னும் குறையும், இன்னும் குறையும்" என்பா. நாலாம் நாள் ஏலாமல் உண்மையைச் சொன்னேன், 6. அவ கொப்பியில் 6 என்று எழுதினா. அடுத்த கிழமை போனால் ஆள் இல்லை, வெளிநாடு போய்விட்டா.

2022இல் நாடு இருந்த நிலைக்கு வெளிக்கிட்டுப் போனவர்களில் எனக்குக் குறை இல்லை. பெற்றோல் வரிசையில் நாங்கள் எல்லாரும்தானே நின்றோம். ஆனால் புண்ணைக் கீறித் திறந்துவிட்டு மருந்து கட்டாமல் போவது நியாயமா? கையளிக்க ஒருவரும் இல்லை. ஃபைல் கேட்டால் தேடுகிறோம் என்றார்கள். நாலு மாதம் அந்த 6ஓடு இருந்தேன். கனவு வந்தது, பழைய கனவும் புதுக் கனவும். ஒரு தரம் போய் அடுத்த தரம் போகுமட்டும் கனவு வருவது வழமைதான் என்று முதலே சொல்லியிருந்தா, ஆனால் அடுத்த தரமே இல்லாத ஆளுக்கு அந்தக் கதை என்ன உதவி?

அந்த நாலு மாதமும் என்னைக் காப்பாற்றியது அவ படிப்பித்துவிட்டுப் போன ஒரு சின்ன வேலை. கையிரண்டையும் நெஞ்சில் குறுக்காக வைத்து, தோளுக்குக் கீழே மாறி மாறி மெதுவாகத் தட்டுவது. வண்ணத்துப்பூச்சி சிறகடிக்கிற மாதிரி இருக்கும். 1997இல் மெக்சிக்கோவில் அகாபுல்கோவைப் புயல் அடித்த பிறகு அங்கே தப்பியவர்களோடு வேலை செய்தவர்கள் கண்டுபிடித்ததாம். புயல் பார்த்தவர்களிடமிருந்து வந்தது என்று அறிந்ததும் எனக்கு அது பிடித்துப்போனது. எங்கள் அம்மம்மா கடைசிவரை பிள்ளைகளின் வயதை 78 சூறாவளிக்கு முன், பின் என்றுதானே எண்ணினா.

பிறகு கல்முனையில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வயதான மிஸ், சுட்டுவிரல் நகத்தில் மஞ்சள் கறை, சமைத்துவிட்டு வந்திருப்பா. அந்த மஞ்சள் நகத்தைத்தான் நான் பின்தொடர்ந்தேன். கண் நோவெடுத்தால் விரலை விட்டுவிட்டு முழங்காலில் மாறி மாறித் தட்டுவா. இரண்டாம் நாள் விரல் ஓடிக்கொண்டிருக்கையில் எங்கிருந்தோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மனதுக்குள் வந்தாள், எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், தாய்க்கு வாய்காட்டுகிற சத்தம். "எனக்கு அப்ப 13 வயசு மிஸ்" என்றேன். "அதையே வச்சுக்கொண்டு பாருங்க" என்றா, வேறு ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை பேர் எனக்கு "உன்ட பிழை இல்ல" என்று சொல்லியிருப்பார்கள்! ஒன்றும் உள்ளே போகவில்லை. இது உள்ளே இருந்தே வந்தது.

அன்றைக்கு நம்பர் 1க்கு வந்தது. "0 ஆகாம மறிக்கிறது என்ன?" என்று கேட்டா. "அம்மா" என்றேன். பேனையைக் கீழே வைத்தா. "அப்ப அது இருக்கட்டும்" என்றா. மிஞ்சுகிறது அந்த ஆளின் சீவியத்துக்குப் பொருந்துமென்றால் 0 வரைக்கும் போகத் தேவையில்லை என்று இந்த முறையிலேயே இடம் இருக்கிறதாம். முதல் ஆள் எனக்கு அதைச் சொல்லவேயில்லை.

இப்ப கொடியில் உடுப்பு நான்தான் போடுகிறேன். கச்சான் காற்றில் துணி படபடக்கிற சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரப் பிந்தினால் இன்னும் பதகளிக்கிறேன். ஒரு சம்பவத்தின் அதிர்ச்சிக்கு இருக்கிற அளவு ஆதாரம் பொதுவான பதட்டத்துக்கு இன்னும் இல்லை. உன்னுடையது ஒரே ஒரு விபத்து, இதற்கு நன்றாகச் சரிவரும்.

திரும்ப ஒருக்கா போகச் சொன்னால் நான் போக மாட்டேன். இவ்வளவு நன்மை கிடைத்தும் அப்படித்தான் மனம் சொல்கிறது. அந்த நாலு மாதத்தை என்னால் மன்னிக்க ஏலாது. நீ போ. ஆனால் தொடங்க முதல், "முடியுமட்டும் இஞ்சதான் இருப்பீங்களா, இல்லாட்டி என்னை யாரிட்ட விடுவீங்க?" என்று கேள். மறுமொழி பிடிக்காவிட்டால் கதிரையில் இராதே. முதல் நாளே விரல் ஆட்டத் தொடங்குகிற ஆளும் வேண்டாம், மனதைத் திடப்படுத்தப் பழக்கிவிட்டுத்தான் நினைவைத் தொட வேண்டும். வலிப்போ கண் வருத்தமோ இருந்தால் மறைக்காதே. யூடியூப்பில் ஓடுகிற பந்தைத் தனிய இருந்து பார்த்துச் செய்யாதே, திறந்தால் மூடித்தர ஆள் வேணும். நம்பர் கேட்டால் வருகிறதைச் சொல், குறைத்துச் சொல்லாதே.

வியாழக்கிழமை எனக்கு லீவு. பஸ்ஸில் வராதே, அண்ணனிடம் சொல்லி ஓட்டோவில் வா. எட்டரைக்குக் கல்முனையில் நிற்பேன். மத்தியானச் சாப்பாட்டை நான் கட்டிக்கொண்டு வாறேன், முடிந்த கையோடு பசிக்கும்.