பல்லுக்கு ஒரு கணக்கு, ஈறுக்கு வேறு கணக்கு

பால் குடி, கீரை சாப்பிடு, ஆரஞ்சு சாப்பிடு. பல் ஆரோக்கியம் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். பல்லையும் ஈறையும் ஒன்றாகவே சேர்த்துப் பேசிவிடுவதால் வரும் குழப்பம் இது. இரண்டும் ஒரே வாயில் இருந்தாலும், சாப்பிடுவது அவற்றைப் போய்ச் சேரும் வழி வேறு வேறு.

பல்லின் மேலுறையான எனாமலில் எடைக்கணக்கில் சுமார் 96 சதவீதம் தாதுக்கள்தான். அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. உள்ளே ரத்த ஓட்டமும் கிடையாது. அதனால் விழுங்கிய கால்சியம் ரத்தம் வழியாக எனாமலுக்கு வந்து சேரப் பாதையே இல்லை. ஈறு அப்படியல்ல, அது உயிருள்ள சதை, ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. ஆக, பல்லின் மேல் என்ன படுகிறது, எத்தனை முறை படுகிறது என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஈறுக்கு, உடம்புக்குள் என்ன போகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமாக எதிரெதிரே நிறுத்தப்படும் சில தேர்வுகளை அலசிப் பார்க்கலாம்.

ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

ஒருவர் 50 கிராம் சர்க்கரையைச் சாப்பாட்டோடு முடித்துவிடுகிறார். இன்னொருவர் அதே 50 கிராமை மிட்டாய், இனிப்புக் காபி, பிஸ்கட் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுகிறார். இடுப்புச் சுற்றளவுக்கு இருவரும் ஏறக்குறைய சமம். பல்லுக்கு இரண்டாமவர்தான் கெடுதல் செய்கிறார், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

பல்லின் மேல் படிந்திருக்கும் பிசுபிசுப்பான படலத்தில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அமிலத்தை உண்டாக்குகின்றன. அங்கே பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மறுபடி மேலே ஏற்ற அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். இந்த ஏற்ற இறக்கத்தை 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற பல் ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினார். இன்றும் அதற்கு ஸ்டீபன் வளைவு என்றுதான் பெயர். பி.எச். ஏறிய பிறகு, உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் திரும்பப் படியும். பல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அதுதான். மணிக்கொரு மிட்டாய் என்றால் அந்த நேரமே கிடைக்காது.

இதற்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்று ஒன்று உண்டு, கொஞ்சம் சங்கடமானது. 1940களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் உள்ள விப்பெஹோல்ம் மருத்துவமனையில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு அவர்களின் சம்மதம் இல்லாமலே விதவிதமாக இனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு கூடுதலாகச் சர்க்கரை எடுத்தவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பல் மருத்துவர்கள் கேட்பதற்கு அடிப்படை இதுதான். அந்தச் சோதனை நடந்த விதத்தை இன்று யாரும் நியாயப்படுத்துவதில்லை.

சரி, அப்படியானால் அளவு பரவாயில்லையா? அதுவும் இல்லை. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. இயற்கையானதுதானே என்று பாக்டீரியா விட்டுவைக்காது.

இன்னொன்று: சாக்லேட்டா, உப்பு பிஸ்கட்டா என்று கேட்டால் பலரும் பிஸ்கட்டைத்தான் பாதுகாப்பானது என்பார்கள். சாதாரண சாக்லேட் உருகி ஓரளவு சீக்கிரம் வாயைவிட்டுப் போய்விடும். பிஸ்கட் மாவாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அடைந்துகொள்ளும். உமிழ்நீரே அந்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். சாக்லேட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. இனிக்காததெல்லாம் பல்லுக்கு நல்லது என்ற எண்ணம் தவறு, அவ்வளவுதான்.

கிளாஸில் வருபவை

பழமா, ஜூஸா என்பதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை, பழம்தான். கடித்து மெல்லும்போது உமிழ்நீர் பெருகுகிறது, சர்க்கரையில் பெரும்பகுதி பழத்தின் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. பிழிந்துவிட்டால் சர்க்கரையும் அமிலமும் நேரே பல்லில் படும். உலர்பழம் சத்துள்ளதுதான், ஆனால் ஒட்டும். சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது நல்லது. ஆப்பிள் கடித்தால் பல் தேய்த்த மாதிரி என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஈறோரத்தில் படியும் படலத்தை அது எடுப்பதில்லை.

சாதாரண கோலாவுக்கும் சர்க்கரை இல்லாத கோலாவுக்கும் இடையிலான போட்டி கொஞ்சம் சுவாரசியமானது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தால் வருவது சொத்தை. பானத்தில் இருக்கும் அமிலமே நேரடியாக எனாமலைக் கரைப்பது அரிப்பு. சர்க்கரை இல்லாத கோலா முதல் பிரச்சினையைத் தவிர்க்கிறது, இரண்டாவதைத் தவிர்ப்பதில்லை. இரண்டு கோலாவின் பி.எச். அளவும் 5.5க்கு வெகுகீழே, 3ஐ ஒட்டியே இருக்கிறது. ஆக, சொத்தைக்குப் பயந்தவர்கள் இதற்கு மாறினால் பாதி லாபம். அதையும் மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியும் போச்சு. புளிப்பான எதையும் குடித்த கையோடு பல் தேய்க்காமல், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுப்பது நல்லது. அமிலத்தால் இளகிய எனாமல் பிரஷ்ஷுக்குத் தாங்காது.

சாப்பிட்டு முடித்ததும் வாயில் போட எது நல்லது, ஒரு துண்டு சீஸா, சைலிட்டால் சூயிங்கமா? இரண்டும் உமிழ்நீரைப் பெருக்கும். சீஸ் கூடவே கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வாயிலேயே விட்டுச்செல்கிறது. சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டாலோ இனிக்கும், ஆனால் சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவால் அதை அமிலமாக்க முடியாது. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் அது பிரபலமானது. வீட்டில் பால் பொருட்கள் ஒத்துக்கொண்டால் என் ஓட்டு சீஸுக்கு. வெளியில் இருக்கும்போது சூயிங்கம் வசதி. நாய் வளர்ப்பவர்கள் மட்டும் சைலிட்டாலை அதற்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். நாய்க்கு அது விஷம்.

கால்சியம் மாத்திரையா, ஃபுளோரைடு பற்பசையா?

இதற்கு வயதைப் பொறுத்துத்தான் பதில். பால்பற்கள் தாயின் வயிற்றில் நான்காவது மாத வாக்கிலேயே இறுகத் தொடங்குகின்றன. ஞானப்பல் தவிர மற்ற நிரந்தரப் பற்களின் மேல்பகுதி சுமார் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கால்சியமும் வைட்டமின் டியும் கடுமையாகக் குறைந்தால் எனாமல் குறையோடு உருவாகலாம். அதற்குப் பிறகு எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் எனாமலுக்குப் போகாது. பல்லைத் தாங்கும் தாடை எலும்புக்குப் போகும். அது வீண் இல்லை, ஆனால் சொத்தையைத் தடுப்பதற்கு அது வழியல்ல. கருவில் இருக்கும் குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்பதும் கட்டுக்கதைதான்.

ஃபுளோரைடும் முன்பு உள்ளுக்குப் போய் வேலை செய்வதாகத்தான் நினைத்தார்கள். அதன் பலனில் பெரும்பகுதி பல்லின் மேல் படுவதால்தான் வருகிறது என்பது பிறகு தெளிவானது. ஃபுளோரைடு சேர்ந்த தாது பி.எச். 4.5 வாக்கில்தான் கரையத் தொடங்கும். வளர்ந்தவரின் சொத்தைக்கு எதிராக இந்த இரண்டில் ஒன்று என்றால், யோசிக்கவே வேண்டாம், பற்பசைதான். சிறுவயதில் ஃபுளோரைடு அதிகமாக விழுங்கப்பட்டால் பல்லில் கறை விழும் என்பதால், குழந்தைகளுக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

ஈறு: சாப்பாடா, பிரஷ்ஷா?

பல் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1965இல் வெளியிட்ட டென்மார்க் சோதனையில், ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள். மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி சுத்தம் செய்ததும் சரியானது. படிந்த படலம்தான் காரணம் என்று ஆணித்தரமாகச் சொல்ல இது போதும் போலத் தோன்றியது.

2009இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு இதில் ஒரு திருப்பம். 10 பேர் நான்கு வாரம் கற்கால மனிதர்களைப் போல வாழ்ந்தார்கள். பிரஷ், பற்பசை கிடையாது. கடைச் சர்க்கரையும் கிடையாது. பல்லில் படலம் கூடியது. ஆனால் ஈறைத் தொட்டுப் பார்த்தபோது ரத்தம் கசிந்த இடங்கள் சுமார் 35 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்திருந்தன. ஆட்கள் குறைவு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை என்பதால் பிரஷ்ஷைத் தூக்கிப்போட இது காரணம் ஆகாது. ஆனால் ஒரே அளவு அழுக்குக்கு ஈறு எவ்வளவு கோபப்படும் என்பதில் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டுக்குள் இல்லாத நீரிழிவு ஈறு நோயை மோசமாக்குவதும் இதே திசையைத்தான் காட்டுகிறது. என் வரிசை இதுதான்: முதலில் சுத்தம், அடுத்து சாப்பாடு.

ஈறுக்கு வேண்டிய சத்துகளில் ஐயமில்லாமல் நிரூபணமானது வைட்டமின் சி. ஈறை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாக அது வேண்டும். அது அடியோடு குறைந்தால் ஸ்கர்வி: ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்கு வெவ்வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள்தான் வேகமாகத் தேறினார்கள். இன்று கொய்யாவிலும் குடைமிளகாயிலும் ஆரஞ்சைவிட அதிக வைட்டமின் சி இருப்பது தெரியும். மாத்திரையா, பழமா என்றால் பழம்தான். சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை அமிலம். பல்லின் மேல் மெதுவாகக் கரையும். ஜெல்லி மிட்டாய் வடிவில் வரும் வைட்டமின்களில் பலவற்றில் சர்க்கரையும் ஒட்டும் தன்மையும் சேர்ந்திருக்கும். ஈறுக்காக வாங்கியது பல்லைக் கெடுக்கும். மாத்திரை அவசியம் என்று மருத்துவர் சொன்னால் விழுங்கும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தவுடன் வைட்டமின் குறைபாடு என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்கர்வி இன்று அரிது. பெரும்பாலும் ஈறோரத்தில் படிந்து கல்லாக இறுகிய அழுக்குதான் காரணம். எந்தப் பழத்தாலும் அதைக் கரைக்க முடியாது. பல் மருத்துவர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.