மாலைச் சிறப்பு வகுப்பா, பொறுப்பாசிரியரா? ஒரு தலைமையாசிரியரின் ஒப்பீடு

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் பெரும்பாலான அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே ஏற்பாடுதான் நடக்கும். 35-க்குக் கீழே எடுத்தவர்களின் பெயர்கள் தனித்தாளில் ஏறும். தாளின் மேலே ‘மெல்லக் கற்போர்’ என்று தலைப்பு. மறுநாள் மாலையிலிருந்து சிறப்பு வகுப்பு. மீளாய்வுக் கூட்டத்தில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டால் உடனே சொல்ல ஒரு பதிலும் கிடைத்துவிடும்.

இதைத் தவிர இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆசிரியருக்கும் பதினைந்து, இருபது பிள்ளைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாசிரியர் முறை ஒன்று. ‘தத்தெடுப்பு’ என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து ஆலோசகரை வரவழைப்பது மற்றொன்று. மூன்றையும் தலைமையாசிரியராக நடத்திப் பார்த்திருக்கிறேன். ஆளும் பணமும் நேரமும் தட்டுப்பாடாக உள்ள பள்ளியில் எதை முதலில் கையில் எடுப்பது என்பதே கேள்வி.

சிறப்பு வகுப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விவரம் தெரிந்த கணக்கு ஆசிரியர் கையில் அது பெரிய ஆயுதம். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரைபடத்துக்கும் செய்முறை வடிவியலுக்கும் சேர்த்து 16 மதிப்பெண். காம்பஸைப் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையைக்கூடத் தினமும் ஒரு படம் போடவைத்து ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம். தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் ஏறத்தாழப் பாதி அங்கேயே வந்துவிடுகிறது. அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 20 எடுக்க வேண்டும். அதற்கும் படங்கள், சமன்பாடுகள், குறுவினாக்கள் என்று வழி இருக்கிறது. பயிற்சி மட்டுமே குறையாக உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது.

ஆனால் அந்த வகுப்பில் மாலை ஐந்தரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பசி. காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வுக்காக நாம் மிக அதிகமாக அழுத்தும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு வேளைச் சாப்பாடும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகமோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சுண்டலுக்குப் பணம் கொடுத்தால் வகுப்பு கலகலப்பாக நடக்கும். அது நின்றால் வருகையும் குறையும். அடுத்தது பஸ். இலவசப் பயண அட்டை இருந்து என்ன பயன், ஊருக்குப் போகும் பஸ் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டால்? இருட்டிய பின் மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டிய மாணவிக்குச் சிறப்பு வகுப்பு உதவியாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும். அவளுடைய அம்மா அனுப்ப மறுத்தால் அதை அக்கறையின்மை என்று நாம் எழுதிவைக்கக் கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. படிக்காததுதான் தோல்விக்குக் காரணம் என்று முடிவு செய்துவிட்டே சிறப்பு வகுப்பு தொடங்குகிறது. அந்த முடிவு பல பிள்ளைகளின் விஷயத்தில் சரியில்லை.

எங்கள் பள்ளியில் பொறுப்பாசிரியருக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஒதுக்கினோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். மதிப்பெண் அதில் கிடையாது; அது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் (EMIS) தகவல் தளத்திலேயே இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் வருகிறாள், வீட்டில் போனை எடுப்பவர் யார், காலையில் என்ன சாப்பிட்டாள், இரவில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா, எந்தக் கிழமைகளில் வரவில்லை. இவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கில் இருபதைத் தாண்டியதே இல்லை. அவன் வராத கிழமைகளை உடற்கல்வி ஆசிரியர் வரிசையாக எழுதியிருந்தார், எல்லாமே திங்கள். ஊர்ச் சந்தை கூடும் நாள் அது. அம்மா காய்கறிக் கடை போடுகிறார். விடியற்காலையில் சரக்கு இறக்க இவன்தான் துணை. எங்கள் வாராந்திரக் கணக்குத் தேர்வும் திங்கட்கிழமையில்தான் இருந்தது. தேர்வைப் புதனுக்கு மாற்றினோம். அம்மாவிடம் பேசி, எட்டு மணிக்குள் பையனை அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டார் உடற்கல்வி ஆசிரியர். தாமதமாக வந்தாலும் வெளியே நிறுத்தாமல் வகுப்பில் உட்காரவைக்கச் சொன்னேன். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சிறப்பு வகுப்பு பயன்பட்டது.

வேலைப்பளுவிலும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. சிறப்பு வகுப்பின் பாரம் கணக்கு, அறிவியல், ஆங்கில ஆசிரியர்கள் தலையிலேயே விழுகிறது. பொறுப்பாசிரியர் வேலையை ஓவிய ஆசிரியரும் தொழிற்கல்வி ஆசிரியரும் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளைகள் மனம் திறப்பதும் பெரும்பாலும் இவர்களிடம்தான்.

இந்த முறைக்கும் ஆபத்துகள் உண்டு. பிள்ளை நம்பிச் சொன்னது ஆசிரியர் அறையில் பேச்சுப்பொருளானால் அன்றோடு எல்லாம் முடிந்தது. குழுக்களைப் பிரிக்கும்போது தெருவாரியாகவோ சாதிவாரியாகவோ சேர்ந்துவிடாமல் தலைமையாசிரியரே பார்த்துப் பிரிக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலைப் பற்றி ஒரு பிள்ளை சொன்னால், ரகசியம் காப்பதாக ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதை முதல் கூட்டத்திலேயே ஆசிரியர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 நோட்டின் அட்டையிலேயே இருக்கட்டும்.

பிள்ளை வரவில்லை என்பதே ஒரு செய்தி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன் சாதிக் கொடுமை தாங்காமல் அவர் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறார். காரணம் தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு எப்படிப் பாதுகாப்புக் கொடுப்பது என்பதையும் சேர்த்தே யோசிக்காத பொறுப்பாசிரியர் முறை அரைகுறையானது. புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது தலைமையாசிரியரின் வேலை. அதை யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

வெளி ஆலோசகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நிரந்தர ஆலோசகர் பணியிடம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து மைக்கைப் பிடித்து நம்பிக்கை ஊட்டிவிட்டுப் போகும் கூட்டத்தால் பெரிய பயன் இல்லை. தூக்கமின்றித் தவிப்பவர், தன்னையே காயப்படுத்திக்கொள்பவர் போன்றோருக்கு ஆசிரியரின் அன்பு மட்டும் போதாது. அவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைத் திறந்து படிப்பதும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-ஐப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருப்பதும் உதவும். ஆனால் யாருக்கு உதவி தேவை என்று முதலில் கண்டுபிடிப்பவர் பொறுப்பாசிரியராகத்தான் இருக்க முடியும்.

ஆகவே என் தேர்வு பொறுப்பாசிரியர் முறை. அதுவும் ஜூன் மாதமே. காலாண்டுத் தேர்வுக்குள் காரணங்கள் தெரிந்துவிடும். பயிற்சி மட்டுமே குறை என்று உறுதியானவர்களை, பஸ் நேரத்துக்கு முன் முடியும்படி, சுண்டலோடு சிறப்பு வகுப்பில் உட்காரவைக்கலாம். எழுபது பேர் நெருக்கியடித்த வகுப்பு இருபத்தைந்தாகச் சுருங்கும்போது கணக்கு ஆசிரியரால் ஒவ்வொரு நோட்டையும் பார்க்க முடிகிறது. ஆசிரியர் பணியிடங்கள் பாதி காலியாகக் கிடக்கும் பள்ளியில் எல்லா வகுப்புகளுக்கும் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். பத்தில் தெரியவரும் சிக்கல்கள் பல அங்கேதான் முளைக்கின்றன.

சிறப்பு வகுப்பு மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். தேர்வு முடிவு வருவது மே மாதத்தில். அன்று காலை பட்டியல் வந்தவுடன், தவறியவர்களின் வீடுகளுக்குப் பொறுப்பாசிரியர் நண்பகலுக்குள் போன் செய்ய வேண்டும். போன் எடுக்கப்படாத வீட்டுக்கு நேரில் போக வேண்டும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, பணம் எவ்வளவு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும்.