400 வாட்ஸ் வீட்டுக் காத்தாடி: பள்ளத்தூர்லேர்ந்து ஒரு ரிவ்யூ

காத்துலேர்ந்து கரண்ட் எடுக்குற காத்தாடி வாங்கலாமான்னு காரைக்குடி பக்கம் கேக்குறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க, அதான் எழுதிடறேன். பொருள் 12 வோல்ட், 400 வாட்ஸ், மூணு இறக்கை, சுத்துற வட்டம் நாலடி, கூட பேட்டரி சார்ஜைப் பாத்துக்கற ஒரு கன்ட்ரோலர். கம்பெனி பேரு வேணாம், இந்த சைஸ்ல ஆன்லைன்ல விக்கிறது முக்காவாசி ஒரே ஜாதிதான். சிங்கப்பூர்ல இருக்குற அண்ணன் ஆர்டர் போட்டாரு, பள்ளத்தூர் பழைய வீட்டைப் பாத்துக்கறது நான்ங்கறதால மாட்டுற வேலை என் தலையில.

பொருள் மட்டமில்ல. பாடி அலுமினியம், பேரிங் விரலால தட்டுனாலே சுத்துது, கன்ட்ரோலரும் பேட்டரி ஃபுல்லானா மிச்ச கரண்டை ஒரு ரெசிஸ்டர் பக்கம் ஒழுங்கா திருப்பி விடுது. அந்த ரெசிஸ்டர் நல்லா சூடாகும், எலக்ட்ரீஷியன் தம்பி நேரா பர்மா தேக்குத் தூண்ல ஸ்க்ரூ போடப் போனான், நல்லவேளை பக்கத்துல இருந்தேன், செவுத்துல மாட்டச் சொன்னேன்.

பிரச்சனை அந்த 400-லதான். செகண்டுக்கு 12 மீட்டர் வேகத்துல காத்தடிச்சா 400 வாட்ஸ்னு மேனுவல்ல பொடி எழுத்துல இருக்கு. அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர், அந்தக் காத்துல கொடியில ஒரு துணி நிக்காது. எங்க மாடியில சாதாரண நாள்ல காத்து மீட்டர் வச்சுப் பாத்தா செகண்டுக்கு 3 மீட்டர்தான் காட்டுது. சரி நாலுல ஒரு பங்கு காத்து, 100 வாட்ஸாவது வரும்னு நினைப்பீங்க, வராது. காத்து வேகம் பாதியானா பவர் எட்டுல ஒண்ணாயிடும், கால்வாசியானா 64-ல ஒண்ணு, 400-ஐ 64-ஆல வகுத்துப் பாருங்க, 6 வாட்ஸ் சொச்சம்! ஒரு எல்இடி பல்பு. அதுவே ராப்பகலா நிக்காம வந்தாலும் ஒரு நாளைக்கு 0.15 யூனிட். இதுல இன்னொண்ணு, இறக்கை சுத்துறதைப் பாத்து கரண்ட் வருதுன்னு நினைக்காதீங்க, பேட்டரி வோல்டேஜைத் தாண்டினாத்தான் சார்ஜே ஏறும், பாதி நேரம் சும்மா அழகுக்குச் சுத்துது.

முப்பந்தல்ல, உடுமலையில, தேனியில எல்லாம் காத்தாலை ஓடுதேன்னு அண்ணன் கேட்டாரு. அண்ணே, அங்கெல்லாம் மலைக்கு நடுவுல கணவாய் இருக்கு, தென்மேற்குக் காத்து அந்தச் சந்துல நெருக்கிக்கிட்டு வேகமா வரும், அதுவுமில்லாம இப்ப வர்ற பெரிய மெஷின் எல்லாம் 100 மீட்டருக்கு மேல நிக்குது. நம்ம ஊர் சமவெளி. அதுலயும் எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ரெண்டு மாடி, மாடிக்கு மேல கைப்பிடிச் சுவர், பொம்மைங்க, கோபுரம் மாதிரி முகப்பு, இதுல எல்லாம் முட்டிக்கிட்டு வர்ற காத்துக்கு ஒரு திசையே கிடையாது, காத்தாடியைக் காத்துக்கு நேரா திருப்புற வாலு இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள காத்து அந்தப் பக்கம் போயிடுது. சுத்துவட்டம் 300 அடிக்குள்ள இருக்குற எதைவிடவும் 30 அடி உசரத்துல வைக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க. செட்டிநாட்டு வீட்டுக்கு மேல இன்னும் 30 அடின்னா நினைச்சுப் பாருங்க.

காத்தாடி நிக்கிற பைப்பை மாடிச் சுவரோட சேர்த்து கிளாம்ப் போட்டதுல காத்தடிச்ச அன்னைக்கு கீழ் ரூம் பூரா ஒரு உறுமல். "மாடியில யாருடா இந்நேரத்துக்கு மாவரைக்கிறது"ன்னு அப்பத்தா எந்திரிச்சு உக்காந்துட்டாக. ரப்பர் வச்சும் முழுசா போகல, நூறு வருஷத்து சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விட்டா யாரு பூசறதுன்னு கழட்டி பின்னாடி தோட்டத்துல தனி கம்பம் நட்டு ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியாச்சு. சத்தம் நின்னுச்சு, கரண்ட் இன்னும் கொறைஞ்சுச்சு. காத்தில்லாத நேரம் மயில் வந்து வால் தகட்டுல உக்காந்துக்குது, முருகன் வாகனம், விரட்டக் கூடாதுன்னு அப்பத்தா ஆர்டர்.

ஆடி மாசம் மட்டும் மரியாதையா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. சாயங்காலம் அடிக்கிற அடியில மீட்டர் அப்பப்ப 100 வாட்ஸைத் தாண்டும், ராத்திரி வளவுல, அதான் உள்முற்றத்துப் பக்கம், நாலு லைட்டும் ஒரு டிசி ஃபேனும் அதுலயே ஓடிச்சு. சோலார் தூங்குற நேரத்துல இது வேலை பாக்குதுங்கறது உண்மையிலேயே ப்ளஸ்தான். ஆனா ஆடி போனா ஆவணியில படிப்படியா படுத்துடுது.

இதே காசுக்கு 540 வாட்ஸ் பேனல் ரெண்டு வந்திருக்கும். நம்ம வெயிலுக்கு ஒரு பேனல் நாளைக்கு சராசரியா 2 யூனிட் தரும். ஈபி லைனோட சேர்க்குற சோலார்னா 2024-ல ஆரம்பிச்ச பிஎம் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் உண்டு, காத்தாடிக்கு அதுல ஒண்ணும் கிடையாது.

ஆக 5-க்கு 2 ஸ்டார், அந்த ரெண்டும் பொருளோட தரத்துக்கு. ஊருக்குள்ள வீடுன்னா வேணாம். கம்மாய்க் கரையை ஒட்டி, மரமோ கட்டடமோ மறைக்காத பொட்டல்ல, ஈபி லைனே போகாத இடத்துல தோப்பு வச்சிருந்தா சோலாரோட துணைக்கு யோசிக்கலாம். அதுக்கும் மொதல்ல ஒரு காத்து மீட்டர் வாங்கி, கம்பம் நடப் போற உசரத்துலயே கட்டிப் பாத்துடுங்க. ஆடியில அளந்துட்டு ஆர்டர் போட்டுடாதீங்க, பங்குனியிலயும் ஒரு தடவை அளங்க.