ஆயில் கசியும் பழைய கார்: பாட்டிலா, கேஸ்கெட்டா, கியர்பாக்ஸை இறக்குவதா?

காலையில் காரை எடுத்த பிறகு பார்த்தால், நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். அடுத்து வந்து விழும் யோசனைகளும் பழகியவையே. ‘லீக்கை நிறுத்தும் பாட்டில் ஒன்றை ஊற்றிவிடு’, ‘கெட்டியான ஆயிலுக்கு மாறு’, ‘கேஸ்கெட்டை மாற்று’, ‘பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும்’, ‘பழைய வண்டி கசியத்தான் செய்யும், விடு’. (கேஸ்கெட் என்பது இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வைக்கும் அடைப்பு. ஆயில் சீல் என்பது சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் வளையம்.) ஐந்துமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். உங்கள் வண்டிக்கு எது என்பது, ஆயில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் தெரியும்.

இதை நான் தலைகீழாகச் செய்தவன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டியதைப் பார்த்துவிட்டு, ஒரு பட்டறையில் பின்பக்க சீல் (என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் பின்னால் வெளியே வரும் இடத்தில் இருப்பது) என்றார்கள். கியர்பாக்ஸ் இறங்கியது, சீல் மாறியது. மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. கடைசியில் பார்த்தால், என்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் பின்மூலையில் கேஸ்கெட் சூட்டில் விறைத்து வெடித்திருந்தது. அங்கிருந்து ஆயில் என்ஜினின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங் அடியில் சேர்ந்து சொட்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு நாள் போயிற்று.

அதனால் தீர்வுகளுக்கு முன் தேடும் வழிகளை ஒப்பிடுகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கழுவிப் பார்ப்பதா, பவுடரா, ஒளிரும் சாயமா?

சொட்டுவது என்ஜின் ஆயில்தானா என்பது முதல் கேள்வி. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். தேன் நிறத்திலிருந்து கறுப்புக்குள் இருந்தால் பெரும்பாலும் என்ஜின் ஆயில். சிவப்பென்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையோ பவர் ஸ்டீயரிங்கையோ பாருங்கள். கந்தக வாடை மூக்கில் ஏறினால் கியர் ஆயில். தண்ணீர் போலப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட். அட்டையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஆயில் கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். நனைந்த இடங்களிலேயே ஆக மேலேயும் ஆக முன்னாலும் இருப்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கழுவிப் பார்ப்பது எளிய வழி. என்ஜின் ஆறியிருக்கும்போது ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிய மின் பாகங்கள், காற்று உள்ளே போகும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, பிசுக்கை நீக்கும் டிகிரீசர் அடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். உலர்ந்ததும் 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும் கசிவது முதல் பார்வையில் சிக்கும், நிற்கும்போது மெல்ல ஊறுவது இரண்டாவதில் சிக்கும். பட்டறைகளில் பெரும்பாலும் இந்தக் கழுவலைத் தவிர்த்துவிடுகிறார்கள். அழுக்கேறிய என்ஜினைப் பார்த்துச் சொல்லும் எந்த முடிவையும் நான் இப்போது ஏற்பதில்லை.

பவுடர் இதற்குத் துணை. கழுவி உலர்ந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவினால், ஆயில் வரும் தடம் கோடாகத் தெரியும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் எது கசிகிறது என்று பிரித்துப் பார்க்க நல்லது. கை எட்டாத முதுகுப் பக்கத்தில் தூவ முடியாது, ஃபேன் காற்று படும் இடத்தில் நிற்காது.

புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம் வேறு ரகம். ஆயிலில் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு விளக்கடித்தால், புதிதாகக் கசிந்தது மட்டும் மஞ்சளும் பச்சையுமாக மின்னும். பழைய கறை மின்னாது என்பது இதன் பெரிய பலம். ஊற்றும்போது மூடியருகே சிந்தினால் அதுவும் மின்னி ஏமாற்றும். நாள்கணக்கில் ஓட்டிவிட்டுப் பார்த்தாலோ எல்லா இடமும் மின்னும், எதுவும் புரியாது. என் முடிவு இதுதான்: கழுவுவது எல்லோருக்கும், சாயம் சந்தேகம் தீராதவர்களுக்கு. ஆனால் யாராவது கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், சாயம் ஊற்றிப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

தேடும்போது பலர் விட்டுவிடும் சில இடங்கள் உண்டு. ஆயில் பிரஷர் சுவிட்ச் சில நேரம் தன் ஒயர் சொருகும் வாய் வழியாகவே கசியும். கனெக்டரைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இன்னொன்று. ஆயில் மாற்றிய மறுநாளே கசிந்தால், டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஃபில்டரையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டிவிடுவது நடக்கிற தவறுதான்.

எதையும் மாற்றும் முன் பிரீதர்

ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் கசிந்தால், கேஸ்கெட்கள் எல்லாம் ஒன்றுகூடிக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்வும் பிரீதர் குழாயும் அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். சோதிப்பது எளிது. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பிசிவி உள்ள வண்டியில் காகிதம் லேசாக உள்ளே இழுபட வேண்டும். தூக்கி எறியப்பட்டால் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், வால்வை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஊதினால் ரிங் தேய்ந்திருக்கலாம், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை தேவை. இதைச் சரிசெய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியத் தொடங்கும்.

பாட்டில், பழைய வண்டிக்கான ஆயில், கெட்டி ஆயில்

லீக் நிறுத்தும் பாட்டில் எல்லாமே ஏமாற்று என்பவர்களோடு நான் சேரவில்லை. அதில் உள்ள ரசாயனம், விறைத்துச் சுருங்கிய ரப்பர் சீலை இளக்கிச் சற்று உப்பச் செய்யும். சீல் விறைத்ததுதான் காரணம் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சொட்டு குறையும், சில வண்டிகளில் நிற்கவும் செய்யும். கிழிந்த சீல், வெடித்த கார்க் கேஸ்கெட், பள்ளம் விழுந்த கிராங்க் ஷாஃப்ட் இவற்றுக்கு அது எதுவும் செய்யாது. திரும்பத் திரும்ப ஊற்றினால், நன்றாக இருந்த சீல்களும் தேவைக்கு மேல் இளகிப்போகும்.

அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்று விற்கும் ஆயிலில் இதே வகை ரசாயனம் அளவோடு இருக்கும். பாட்டிலா இதுவா என்றால் இதுதான் என் தேர்வு. எப்படியும் ஆயில் மாற்றப்போகிறோம், அளவு மீறும் பயமும் இல்லை.

கெட்டி ஆயில் எனக்கு உடன்பாடில்லாதது. 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் (எண்கள் கூடினால் ஆயில் கெட்டி) சொட்டு கொஞ்சம் குறையலாம். ஆனால் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானத்துக்கு மிகவும் ஆளாகும் நேரமே அதுதான். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பெட், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள என்ஜின்களுக்கு இன்னும் கெடுதல். வண்டியின் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி ஏறினால் சரி.

முறுக்குவதா, சிலிகான் பசையா, புது கேஸ்கெட்டா?

டேப்பெட் கவர் கசிந்தால் ஸ்பேனரை எடுத்து முறுக்குவதுதான் கைக்கு முதலில் வருவது. போல்ட் தளர்ந்திருந்தால் அது போதும். தளராததை முறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கும், கவர் வளையும், அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும். சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குகிறோம். இந்த போல்ட்டுகளுக்குப் பல என்ஜின்களில் 8 முதல் 10 தான். நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போக வேண்டும்.

கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிகான் பசை போடலாமா? சில என்ஜின்களின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைத் தொழிற்சாலையிலேயே பசையால்தான் ஒட்டுகிறார்கள், அங்கே பசைதான் சரி. கேஸ்கெட்டுக்கென்று வடிவமைத்த இடத்தில் பசையை அப்புவது வேறு. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்கியது தெரியாது. அது பிய்ந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைத்தால், கசிவுக்குப் பயந்தவர் என்ஜினையே இழப்பார். டைமிங் கவரும் (என்ஜினின் ஓர மூடி) ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்பகுதி) சேரும் மூலைகளில், கையேடு சொல்லும் அளவுக்கு ஒரு பொட்டு வைத்தால் போதும்.

மேலே இருக்கும் கேஸ்கெட்களுக்குப் புதிது போடுவதே முடிவான பதில். இரு முகங்களையும் பழைய பிசிறு இல்லாமல் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பின்பக்க சீல்: இப்போதா, கிளட்ச் மாற்றும்போதா?

சீல் சின்னப் பொருள், அதை அடைவதற்கான உழைப்புதான் பெரிது. கிளட்ச் மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், அதனால் இங்கே மட்டும் காத்திருப்பதும் நியாயமான தேர்வு. தரைக் கறையை வைத்து முடிவெடுக்காதீர்கள், டிப்ஸ்டிக்கை வைத்து எடுங்கள். பெரும்பாலான கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 1 லிட்டர். வாரம் ஒருமுறை ஒரே சமதளத்தில் நிறுத்தி அளந்து, கிலோமீட்டரோடு குறித்துவாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லிலிட்டர்தான் குறைகிறது என்றால் டாப் அப் செய்துகொண்டு கிளட்ச் வேலை வரும்வரை ஓட்டலாம்.

சில கசிவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயில் ஆயில் சொட்டிப் புகைந்தால் தீப்பிடிக்கும் அபாயம், வண்டியை எடுக்கவே வேண்டாம். வால்வுகளை பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் சீக்கிரம் கெடும், அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் வளையும். கிளட்ச்சில் பட்டு வழுக்கத் தொடங்கினாலும் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

கியர்பாக்ஸை இறக்கிவிட்டீர்கள் என்றால் சீல் அமரும் ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் நகம் சிக்கினால் புது சீல் மட்டும் நிற்காது, மெல்லிய உலோக உறை ஏற்ற வேண்டும். போடுவது சாதாரண ரப்பர் சீலா, பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) உதடு, அதாவது ஷாஃப்ட்டைத் தொடும் விளிம்பு, கொண்டதா என்றும் கேளுங்கள். முன்னதற்கு உதட்டில் ஆயில் தடவிப் போடுவார்கள். பின்னதைப் பொதுவாக உலர்வாகவே போட வேண்டும், ஆயில் தடவினால் அதுவே கசிவுக்குக் காரணமாகும். சீல் உறையில் வரும் துண்டுச் சீட்டில் இது அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டை மெக்கானிக்கிடம் கொடுத்து, படித்த பிறகு சீலை எடுக்கச் சொல்லுங்கள்.