இரண்டால் பெருக்குவதா, இரண்டை அடுக்குவதா?

எக்ஸை 2-ஆல் பெருக்கினால் அது நேரிய சார்பு, வரைந்தால் நேர்கோடு (சார்பு என்பது எக்ஸின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு விடை தரும் விதி). 2-இன் தலைக்கு மேல் எக்ஸை அடுக்காக ஏற்றி வைத்தால் அது அடுக்குக்குறிச் சார்பு, வரைந்தால் வளைகோடு. எழுத்தில் பார்த்தால் எக்ஸ் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சரி, மதிப்புகளைப் போட்டுப் பார்ப்போம்.

எக்ஸ்: 0, 1, 2, 3, 4, 10
நேரியது: 0, 2, 4, 6, 8, 20
அடுக்குக்குறி: 1, 2, 4, 8, 16, 1024

1, 2 ஆகிய இடங்களில் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. அந்த இரண்டை மட்டும் சரிபார்த்தவர் இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்வார். பலர் சறுக்கும் இடம் இதுதான்: இரண்டு புள்ளிகள் கிடைத்ததும் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுவிடுகிறோம். அந்த இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போகும், உண்மை. ஆனால் வளைகோடுகள் எத்தனை வேண்டுமானாலும் போகும். மூன்றாவது புள்ளி இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வரைபடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எக்ஸ் 1.5 ஆக இருக்கும்போது கோட்டின் உயரம் 3, வளைகோட்டின் உயரம் ஏறக்குறைய 2.83. கையால் வரைந்த படத்தில் இந்த இடைவெளி பென்சில் தடிமனுக்குள் மறைந்துவிடும். அட்டவணைதான் பொய் சொல்லாது. அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்துப் பாருங்கள். 5, 8, 11 என்பதுபோல வித்தியாசம் மாறாமல் வந்தால் நேரியது. வகுத்துப் பாருங்கள், 5, 10, 20 என்பதுபோல விகிதம் மாறாமல் வந்தால் அடுக்குக்குறி.

ஆனால் எக்ஸ் சம இடைவெளியில் ஏறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ் 0, 1, 3 என்று போய், மதிப்புகள் 5, 8, 14 என்று வந்தால் வித்தியாசங்கள் 3, 6. மாறுகிறதே என்று நேர்கோட்டை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாவது தடவை எக்ஸ் 2 படி தாண்டியிருக்கிறது. 6-ஐ 2-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 3. அந்த 3-க்குத்தான் சாய்வு என்று பெயர்.

இரண்டுமே சார்புகள்தான். ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே விடை என்பதால், எந்தக் குத்துக்கோடும் இவற்றை ஒரே இடத்தில்தான் வெட்டும். (குத்துக்கோடு மட்டும் வேடிக்கையான பிறவி. எக்ஸ் = 3 என்பது நேரிய சமன்பாடு, ஆனால் ஒய்யை எக்ஸின் சார்பாகச் சொல்ல அங்கே வழியில்லை.)

தொடக்க மதிப்பு இரண்டிலும் உண்டு. நேர்கோட்டில் அதோடு ஒவ்வொரு படிக்கும் சாய்வைக் கூட்டுகிறோம். அடுக்குக்குறியில் ஒவ்வொரு படிக்கும் அடிமானத்தால் (அடுக்கைச் சுமக்கும் எண், நம் சார்பில் 2) பெருக்குகிறோம். 5-இல் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பாகும் சார்பை, 5-ஐயும் 2-ஐயும் பெருக்கி, 10-இன் அடுக்காக எழுதுவது அடிக்கடி பார்க்கும் தப்பு. எக்ஸ் 1 என்று போட்டால் இரண்டிலும் 10 வரும், மறுபடியும் ஏமாற்று! 0 போட்டால் குட்டு வெளிப்படும்: சரியானதில் 5, தப்பானதில் 1.

இடப்பக்கம் போனால் இரண்டின் குணமும் அடியோடு வேறு. எக்ஸ் குறை எண்ணானதும் நம் கோடு சுழிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வளைகோடு 1/2, 1/4, 1/8 என்று சுருங்கிக்கொண்டே போகுமே தவிர அச்சைத் தொடாது. 2-இன் அடுக்கு -3 என்றால் 1/8, -8 அல்ல. கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சிதைவதும் இப்படித்தான். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5730 ஆண்டுகள். 11,460 ஆண்டுகள் கழிந்தபின் கால் பங்கு மிஞ்சியிருக்கும். முதல் பாதி குறைந்த அதே வேகத்தில் நேர்கோட்டில் இறங்கினால் அன்றைக்கு ஒன்றுமே மிஞ்சாது.

திருப்பிக் கேட்கும்போது நேர்கோட்டுக்கே என் ஓட்டு. எங்கே மதிப்பு 20 ஆகும்? கோட்டில் 20-ஐ 2-ஆல் வகுத்தால் 10, முடிந்தது. வளைகோட்டில் 4-இல் 16, 5-இல் 32. விடை நடுவில் எங்கோ. அதைப் பிடிக்க மடக்கை வேண்டும்: அடிமானத்தின் மேல் எந்த அடுக்கை வைத்தால் அந்த மதிப்பு வரும் என்று சொல்லும் எண் அது. விடை சுமார் 4.32. 1614-இல் ஜான் நேப்பியர் வெளியிட்ட அந்த மடக்கை இன்னொரு வேலையும் செய்கிறது. வளைகோட்டின் மதிப்புகளுக்குப் பதிலாக அவற்றின் 10 அடிமான மடக்கைகளைக் குறித்தால் புள்ளிகள் ஒரே வரிசையில் நின்றுவிடும்: சாய்வு சுமார் 0.301 உள்ள நேர்கோடு.