உள்ளங்கையில் உருட்டிய மருந்து: என்ஃபுவிர்டைட்

என்ஃபுவிர்டைட் என்ற இந்த எச்.ஐ.வி. மருந்தைக் குலுக்கவே கூடாது. குப்பியில் இருக்கும் வெள்ளைப் பொடியில் 1.1 மில்லி ஊசித் தண்ணீரை விட்டு, விரல் நுனியால் பத்து விநாடி தட்டி, அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். முழுதும் கரைய 45 நிமிடம்கூட ஆகும். லண்டனில் ஒரு எச்.ஐ.வி. கிளினிக்கில் நர்ஸாக இருந்தபோது எத்தனையோ பேருக்கு உருட்டிக் காட்டியிருக்கிறேன்.

ஒரு தடவைக்கு 90 மில்லிகிராம்; காலையில் ஒன்று, இரவில் ஒன்று, தோலுக்கடியில். மாத்திரையாகத் தர வழியில்லை. இது 36 அமினோ அமிலங்களைக் கோத்த பெப்டைடு, அதாவது சின்னப் புரதத் துண்டு. விழுங்கினால் முட்டையையும் பருப்பையும் போல வயிறு செரித்துவிடும்.

ஆனால் வேலை செய்யும் விதம் இருக்கிறதே, அது எனக்கு இன்றும் அதிசயம்தான். எச்.ஐ.வி.யின் மேலுறையில் ஜி.பி.41 என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் செல்லில் ஒட்டியதும் அது நீண்டு செல்லின் சவ்வில் குத்தும். பிறகு மடக்குக் கத்தி போலத் தன்மேலேயே மடங்கும். அந்த மடிப்பில்தான் வைரஸும் செல்லும் இழுபட்டு ஒன்றாகக் கலக்கின்றன. மடங்கி வந்து அமர வேண்டிய பகுதியின் நகல்தான் என்ஃபுவிர்டைட். அந்தப் பகுதி அமர வேண்டிய பள்ளத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். கத்தி மூடாது, வைரஸ் வெளியிலேயே நின்றுவிடும். 2003 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தபோது, செல்லுக்குள் நுழையும் முன்பே எச்.ஐ.வி.யை மறிக்கும் முதல் மருந்து இதுதான்.

குறை என்றால் ஊசி போட்ட இடம். மருந்துப் பரிசோதனைகளிலேயே 98 சதவீதம் பேருக்கு அங்கே வலியோ தடிப்போ கட்டியோ வந்தது. பஸ் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வருவார். வயிற்றைத் தடவினால் தோலுக்கடியில் கொண்டைக்கடலை அளவில் கட்டிகள் விரலில் தட்டுப்படும். அடுத்த ஊசிக்கு மெத்தென்று ஓரிடம் தேடி இரண்டு பேருமாகத் தொடை, மேல்கை என்று தடவிப் பார்ப்போம். விலையும் அதிகம். தொழிற்சாலையில் இதைத் தயாரித்து முடிக்க 106 படிகள். அமெரிக்காவில் வந்த புதிதில் வருடத்துக்குச் சுமார் 20,000 டாலர்.

தனியாகக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரம் பழகிவிடும். கூடவே வேலை செய்யும் இன்னொரு மருந்தாவது இருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தபோது, மற்ற மருந்தெல்லாம் கைவிட்டவர்களுக்கும் ரத்தத்தில் வைரஸ் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அதனாலேயே இது நல்ல மருந்து என்று சொல்வேன். இதே போல வைரஸைச் செல்லுக்கு வெளியிலேயே மறிக்கும் இன்னொரு பெப்டைடு, 47 அமினோ அமிலம் கொண்ட புலெவிர்டைடு, ஹெபடைடிஸ் டி என்ற கல்லீரல் நோய்க்கு 2020-இல் ஐரோப்பாவில் வந்தது. அதுவும் ஊசிதான், ஆனால் நாளுக்கு ஒரு தடவை போதும். அந்த ஒரு ஊசி குறைவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

2007 கடைசியில் ரால்டெக்ராவிர் என்ற புது எச்.ஐ.வி. மாத்திரை வந்தது. பஸ் ஓட்டுநர் அதற்கு மாறிய அன்று, மிச்சமிருந்த குப்பிகளைப் பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூன்று வருடத்துக்கு மேல் இரவும் காலையும் உருட்டியிருக்கிறார். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "இனி இது ஆறட்டும்" என்றார்.